எட்டு மணி வரை மஞ்சள்

மூன்று ரோந்துப் படகுகள் கிளம்பிவிட்டன, மறுநாள் மதியம்தான் திரும்பும் என்று நான் என் அதிகாரியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர் மேஜையில், எட்டிக் கொடுத்தால் பேனா வாங்கிக்கொள்ளும் தூரத்தில், விமானப்படைக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பேசுவது அவர் காதில் விழக் கூடாது என்பது உத்தரவு. காதை மூடிக்கொள்ளச் சொல்லி உத்தரவில் இல்லாததால் அவர் முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வார். என் அதிகாரி அதைத் தலைநகரில் உள்ள கடற்படைத் தலைமையகத்துக்குச் சொல்வார். அவர்கள் பக்கத்துக் கட்டடத்து விமானப்படைத் தலைமையகத்துக்குச் சொல்வார்கள். அவர்கள் எங்கள் ஊருக்கு வெளியே இருக்கும் விமானத்தளத்துக்குச் சொல்வார்கள். தளத்திலிருந்து எதிர் மேஜைக்குப் போன் வரும். அன்றைக்கும் அரை மணி கழித்து வந்தது. "மூணு ரோந்துப் படகுங்களா சார்? அப்படியா சார்? இப்பதான் சார் கேள்விப்படறேன்" என்று அவர் பவ்யமாகச் சொல்லிவிட்டு, ரிசீவரை வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்தார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை என்பார்களே, அதற்கு எங்கள் இருவருக்கும் மாதச் சம்பளம்.

அவர் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் நான் அவரை எதிர்மேஜை என்றுதான் மனசுக்குள் கூப்பிடுவேன். ஐம்பதைத் தொட்ட மனிதர். பென்சிலை பிளேடால் சீவுவதில் அவருக்கு ஒரு தனி ஆனந்தம். எனக்குக் கடற்படையில் மூக்கு என்று பெயர். தொலைபேசிக்காரிக்குக் காது என்றல்லவா பெயர் வைத்திருக்க வேண்டும் என்று நான் ஒருமுறை கேட்டேன். "காது வந்ததைக் கேக்கும்மா, மூக்குதான் போய் நுழையும்" என்றார் அதிகாரி. எதையும் ஏன், எப்படி என்று கேட்காமல் விட எனக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே இதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், திருந்தவில்லை.

எங்கள் அறை முன்பு துறைமுகத்தில் கயிறு அடுக்கி வைத்த இடம். இன்னும் தார் வாசனை போகவில்லை. இரண்டு மேஜை, இரண்டு போன், ஒரே ஜன்னல். போன்கள் இரண்டும் வேறு வேறு கம்பி. என் போனிலிருந்து விமானத்தளத்துக்கும் அவர் போனிலிருந்து கடற்படைக்கும் கூப்பிட வழி கிடையாது. வாசலுக்கு மேலே இரண்டு ஆணி மட்டும் இருக்கும். 'ஒருங்கிணைப்பு அறை' என்ற பலகையில் எந்தப் படையின் பெயர் முதலில் வருவது என்று முடிவாகாததால் ஆணியோடு நின்றுவிட்டது. எங்கள் இருவருடைய முதுகுக்குப் பின்னாலும் சுவரில் ஒரு கொக்கி, அதில் அன்றைய நிறத்தில் ஒரு தகரம் தொங்கும். பெரிய அதிகாரிகள் யாராவது எட்டிப் பார்த்தால் ஒருங்கிணைப்பு நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக.

அந்த நிறத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போர் தொடங்கியதிலிருந்து எங்கள் படகுகள் நடுக்கடலில் இருக்கும்போது மேல்தளத்தில் ஒரு பெரிய துணியை விரித்துக் கட்டும். மேலே போகும் நம் விமானத்துக்கு, 'இது நம்ம படகு, சுடாதே' என்று அர்த்தம். எதிரியும் அதே துணியை விரித்துக்கொள்ளக் கூடாதே என்பதற்காகத் தேதிக்கு ஒரு நிறம். இன்றைக்குச் சிவப்பு என்றால் நாளைக்கு வெள்ளை, மறுநாள் வேறொன்று. எந்தத் தேதிக்கு எது என்று மாதம் பிறக்கும்போது இரண்டு படைகளுக்கும் ஒரே மாதிரி உறை வரும். இவ்வளவு ஒழுங்காக இருந்தும், இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், நம் விமானம் ஒன்று நம் படகு ஒன்றைச் சுட்டுவிட்டது. மூன்று பேர் செத்துப்போனார்கள். தன் கையே தன் கண்ணைக் குத்தியது. அதற்குப் பிறகுதான் இந்த அறையும் தகரங்களும் வந்தன.

அந்தப் படகில் துணியைக் கட்டியவன் என் தம்பி.

தோளில் ஒரு குண்டுச் சிதறல் பாய்ந்து, பிழைத்து, என் வீட்டில் இருந்தான். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. இரண்டாம் மாடியில் இரண்டு அறை, ஒரு குளியலறை, தண்ணீர் காலையில் மட்டும் வரும். நான் வேலைக்குக் கிளம்பும்போது அவன் சமையலறை வாசலில் வந்து நிற்பான்.

"அக்கா, இன்னிக்குத் தேதி என்ன?"

சொல்வேன். தலையாட்டுவான். நான் சொன்னது போதாது. கீழே பால் வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் கேட்பான். பேப்பர் வந்தால் செய்தியைப் படிக்காமல் மேல் ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவான். முதலில் எனக்குப் புரியவில்லை. காயத்தில் மூளை கலங்கிவிட்டதோ என்றுகூடப் பயந்தேன். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "எதுக்குடா தேதி தேதின்னு உயிரை வாங்கறே?" என்று கேட்டுவிட்டேன்.

"கடல்ல நாளெல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கும்க்கா" என்றான். "அன்னிக்குக் கட்டியிருந்தது மஞ்சள். அது எனக்கு நல்லா தெரியும். கண்ணை மூடினாலும் மஞ்சளாத்தான் தெரியுது. ஆனா அன்னிக்கு மஞ்சள்தானா? நான் தேதியைத் தப்பா எண்ணிட்டேனோ?"

"உங்க விசாரணையிலதான் சரியான துணின்னு எழுதிட்டாங்களே."

"அது நம்ம ஆளுங்க எழுதினது. அவங்க ஆளுங்க தப்பான துணின்னு சொல்றாங்களாம். கப்பல்ல எல்லாரும் பேசிக்கறாங்க. என்கிட்ட யாரும் கேக்க மாட்டேங்கறாங்க, அதான் பயமா இருக்கு." கொஞ்ச நேரம் ஒரு சட்டையையே திரும்பத் திரும்ப மடித்தான். "தோள் ஆறிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். மறுபடி படகுக்குக் கூப்பிடுவாங்க. மறுபடியும் துணி கட்டச் சொல்வாங்க. நான் கட்டினா எத்தனை பேரு சாவாங்கன்னு தெரியலையே அக்கா."

அவன் போகத்தான் போகிறான், நான் தடுத்தாலும் போவான். அவன் தலைக்கு மேலே நம் விமானங்கள் பறக்கத்தான் போகின்றன. என்ன தப்பு நடந்தது என்று தெரியாமலே அது மறுபடி நடக்கலாம், அல்லது நடக்காமல் இருக்கலாம். இதை விதி என்று விட்டுவிடுகிற பெரிய மனசு எனக்குக் கிடையாது.

நடந்தது என்னவென்றால், ஒரு சம்பவத்துக்கு இரண்டு விசாரணை நடந்திருந்தது. கடற்படை தன் ஆட்களைக் கூப்பிட்டு, "சரியான துணி கட்டினீர்களா?" என்று கேட்டது. கட்டினோம் என்றார்கள். உறையைப் பார்த்தது, சரியாக இருந்தது, எழுதி மூடிவிட்டது. விமானப்படை தன் ஆளைக் கூப்பிட்டு, "சரியான நிறத்தைப் பார்த்தாயா?" என்று கேட்டது. இல்லை, வேறு நிறம் என்றான். உறையைப் பார்த்தது, அவன் சொன்னது சரியாக இருந்தது, அதுவும் எழுதி மூடிவிட்டது. இரண்டு விசாரணையும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. எங்கள் பக்கம் அவர்களைக் குருடர்கள் என்றது, அவர்கள் பக்கம் எங்களைச் சோம்பேறிகள் என்றது. ஒரே தேதி, ஒரே உறை, இரண்டு பேரும் சரி, மூன்று பேர் இல்லை. இது எப்படி? பாத்திரம் தேய்க்கும்போதும் பஸ்ஸில் தொங்கும்போதும் இதே நினைப்புதான்.

எதிர்மேஜையிடம் போட்டு வாங்கப் பார்த்தேன். "சார், உங்காளுங்க அத்தனை உயரத்துல இருந்து நிறத்தையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கறாங்க?" என்று ஒருநாள். "நல்ல வெயில் மேடம் இன்னிக்கு" என்றார். "வெயில்ல மஞ்சளும் வெள்ளையும் ஒண்ணா தெரியுமோ?" என்று மறுநாள். பென்சிலைச் சீவினார். மூன்றாவது நாள் நான் ஒன்றும் கேட்கவில்லை, தம்பி சாப்பிடுவதில்லை என்று மட்டும் சொன்னேன். அன்று மதியம் அவராகவே, ஜன்னலிடம் சொல்வது போல, "அன்னிக்கு ஓட்டினவன் எனக்குத் தெரிஞ்ச பையன். மூணு தடவை கண்ணைச் சோதிச்சுட்டாங்க. கண்ணு நல்லாத்தான் இருக்கு. அதை அவன்தான் நம்ப மாட்டேங்கறான், கடையில போய் எல்லாருகிட்டயும் இது என்ன கலர், அது என்ன கலர்னு கேட்டுட்டிருக்கான்" என்றார். அங்கே ஒருவன் நிறம் கேட்கிறான், இங்கே ஒருவன் தேதி கேட்கிறான்.

இது நடந்து ஒரு வாரம் இருக்கும். விடிந்த கையோடு வேலைக்கு வந்திருந்தேன். மேகமூட்டம், போன் எதுவும் வரவில்லை. தம்பியின் வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டதோ என்னவோ, சும்மா இருக்க மாட்டாமல், "இன்னிக்குத் தேதி பன்னிரண்டுதானே சார்?" என்றேன்.

"பன்னிரண்டுதான் மேடம்."

அப்படிச் சொன்ன மனிதரின் தலைக்குப் பின்னால் வெள்ளைத் தகரம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் திரும்பி என் தகரத்தைப் பார்த்தேன். நீலம்.

இதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொன்னால் பொய். தினமும் பார்த்திருக்கிறேன். தினமும் அவர் வந்ததும் வராததுமாகத் தகரத்தை மாற்றிவிடுவார், நான் கொடியேற்றியதும் எட்டு மணிக்கு மாற்றுவேன். விமானப்படைக்காரர்களே முந்திரிக்கொட்டைகள், எதிலும் முந்திக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று கேட்க வேண்டியதில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

"சார், உங்க தகரம் ஏன் வெள்ளையா இருக்கு?"

"இன்னிக்கு வெள்ளைதானே மேடம். நீங்க இன்னும் மாத்தலை."

"மாத்த இன்னும் நேரம் ஆகலையே. எங்களுக்கு எட்டு மணிக்குத்தான் நாள் பொறக்கும். கொடியேத்தற வரைக்கும் எது நடந்தாலும் நேத்துக் கணக்கு."

"நேத்துக் கணக்கா?" என்றார். "எங்களுக்கு விடிஞ்சா இன்னிக்கு. முதல் விமானம் கிளம்பும்போதே இன்னிக்கு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டோம். ஏன் எழுந்தோம் என்று தெரியவில்லை, அதிகாரி யாரும் வரவில்லை. "அன்னிக்கு என்ன சார் நிறம், உங்களுக்கு?" என்றேன். சொல்லக் கூடாதுதான். அவர் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சிவப்பு." "எங்களுக்கு எட்டு மணி வரை மஞ்சள்" என்றேன். "எத்தனை மணிக்கு நடந்துச்சு?" "விடிஞ்ச கொஞ்ச நேரத்துல. டீகூடக் குடிக்கலைன்னு தம்பி சொன்னான்." அதற்கு முன்பெல்லாம் அந்தப் பக்கம் காலையில் விமானம் போனதில்லை, அந்த வாரம்தான் புதிதாக அனுப்ப ஆரம்பித்தார்கள் என்று அவர் சொன்னார். அதனால்தான் அதுவரை யாருக்கும் தெரியவில்லை. ஒரு பூட்டு திறந்தது மாதிரி எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். சத்தமாகச் சிரித்தே விட்டேன். அவரும் சிரித்தார். பிறகு இரண்டு பேருக்கும் அந்த மூன்று பேர் ஞாபகம் வந்து, உட்கார்ந்துவிட்டோம்.

சாயந்திரம் தம்பியிடம் சொன்னேன். அவன் தரையில் உட்கார்ந்து செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டான்.

"அப்போ நான் கட்டினது சரி."

"சரிடா."

"அவன் பார்த்ததும் சரி."

"அதுவும் சரிதான்."

"அப்போ யாரு மேல தப்பு?"

"எட்டு மணி மேல."

"எட்டு மணியைப் பிடிச்சு ஜெயில்ல போட முடியாதே" என்றான். சொல்லிவிட்டு அழுதான். தோள் குலுங்கினால் வலிக்கும் என்பதால் தோளைக் கையால் பிடித்துக்கொண்டு அழுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு மாதமாக வராத அழுகை, அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிறகு எழுந்து முகம் கழுவிவிட்டு மூன்று தட்டு சாப்பிட்டான். மறுநாள் காலையில் தேதி கேட்கவில்லை. "நம்ம அக்கா மூக்கை வெச்சு ஒரு கப்பலையே கட்டி இழுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, வேலைக்குத் தயார் என்று எழுதிக்கொடுக்கக் கிளம்பிவிட்டான். அந்த வாரமே படகு கொடுத்தார்கள்.

நான் என் அதிகாரியிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான். கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார். முதலில், விமானப்படை ஆளிடம் நிறத்தைப் பற்றிப் பேசினதற்குத் திட்டினார். பிறகு மெதுவாக, "இதைப் பெரிசு பண்ணா, எட்டு மணிக்கு மாத்தினது நம்ம தப்புன்னு ஆகிடும். சத்தம் போடாம நாமே சரி பண்ணிடலாம்" என்றார். மூன்று நாளில் உத்தரவு வந்தது. மறுநாள் காலையிலிருந்து எல்லாப் படகிலும் எல்லா அலுவலகத்திலும் விடியும்போதே நிறம் மாறும். ரகசியம். குறிப்பாக எதிர் மேஜையிடம் மூச்சு விடக் கூடாது. அவர்களுக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்று மேலே பார்த்துக்கொள்வார்கள்.

எதிர்மேஜைக்கும் அவர் பக்கத்தில் நல்ல டோஸ் விழுந்திருந்தது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. இரண்டு நாள் பென்சிலோடு மட்டும் பேசினார். மூன்றாம் நாள் கிளம்புகிற சமயத்தில் தொண்டையைக் கனைத்தார்.

"மேடம், அந்த விஷயம்... எங்க பக்கம் சரி பண்ணிட்டாங்க."

"எங்க பக்கமும் சரி பண்ணியாச்சு சார்."

"ரொம்ப நல்லது மேடம்."

"ரொம்ப நல்லது சார்."

எப்படிச் சரி பண்ணினீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதுதான் உத்தரவு. இரண்டு பேரும் பெருமையோடு அவரவர் வழியில் போனோம். அன்று மாலைதான் தம்பியின் படகு கிளம்பியது. நான் படகுத்துறைக்குப் போய் வழியனுப்பினேன். "காலையில விடிஞ்சதும் மாத்திடு" என்று காதோடு சொன்னேன். "மத்தியானமே சொல்லிக் குடுத்துட்டாங்க அக்கா, விடு" என்று சிரித்தான். படகு ஒரு கட்டத்துக்கு மேல் போனதும் ரேடியோவை அணைத்துவிடுவார்கள், எதிரி கேட்டுவிடக் கூடாது என்று. அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

காலையில் நான் அறைக்குள் நுழைந்தபோது சூரியன் கடலிலிருந்து அப்போதுதான் எழும்பியிருந்தது. எதிர்மேஜை எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். நான் பையைக்கூட வைக்காமல் நேராகப் போய்ச் சிவப்புத் தகரத்தைக் கழற்றி, பச்சையை மாட்டினேன். இன்றைக்காவது இந்த மனிதர் என்னைச் சோம்பேறி என்று நினைக்க முடியாதே என்று ஒரு சின்னச் சந்தோஷம். கையைத் தட்டிக்கொண்டு திரும்பினேன். அவர் புன்னகையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தொங்கியது சிவப்பு. நேற்றைய சிவப்பு.

"மாத்தலையா சார்?"

"எட்டு மணிக்குத்தானே மேடம்" என்றார், விட்டுக்கொடுத்த பெருந்தன்மை குரலில் வழிய. "உங்க வழக்கத்துக்கே நாங்க வந்துட்டோம். இனிமே எங்களுக்கும் எட்டு மணிதான்."

என் கை பின்னால் போய்ப் பச்சைத் தகரத்தைத் தொட்டுக் காட்டியது. அவர் அதைப் பார்த்தார். புன்னகை போன பிறகும் உதடு அப்படியே இருந்தது.

"நாங்க விடியலுக்கு மாத்திட்டோம் சார். உங்க வழக்கத்துக்கு."

"சுத்தமா..." என்று ஏதோ சொல்ல வந்தவர் முடிக்கவில்லை. "விமானம் கிளம்பி இருபது நிமிஷம் ஆச்சு மேடம்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. அவர் தன் போனை எடுத்து அவருடைய அதிகாரியைப் பிடித்தார், நான் என் போனில் என் அதிகாரியைப் பிடித்தேன். இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் கத்தினோம். என் அதிகாரி தூக்கக் கலக்கத்தில், "அவங்க எட்டுக்கு மாத்தினாங்கன்னு உனக்கு யாரு சொன்னா? மறுபடி அந்த ஆளோட பேசினியா?" என்றார். "சார், படகுல பச்சை, விமானத்துல சிவப்பு" என்றேன். "அவங்க அதிகாரி எனக்குச் சொல்லட்டும், நான் தலைமையகத்துக்கு..." என்றார். எதிரே எதிர்மேஜை ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இல்ல சார், கடற்படையிலிருந்து முறைப்படி வரலை சார். எதிர்ல சொல்றாங்க சார். எதிர்லன்னா எதிர்ல, அந்த மேடம் சார்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் பார்த்தவரையில் அந்த மனிதர் குரலை உயர்த்தியதே இல்லை. இப்போது குரல் உடைந்தது. "உங்க அதிகாரி வாயால சொன்னாத்தான் விமானத்தைத் திருப்புவேங்கறார் மேடம்."

தலைமையகம் வழியாகப் போனால் அரை மணி. நான் என் அதிகாரியிடம், "வெச்சுடாதீங்க சார், லைன்லயே இருங்க, அவங்க அதிகாரி பேசறார்" என்றேன். "எங்கே இருக்கார்?" என்றார். "சார், உங்க ரிசீவரை இங்க நீட்டுங்க" என்று எதிர்மேஜையிடம் சொன்னேன். நீட்டினார், கம்பி எட்டவில்லை. என் கம்பியும் எட்டவில்லை. நடுவில் ஒரு முழம் போல இடைவெளி. இரண்டு பேரும் அவரவர் மேஜையை இடுப்பால் முட்டித் தள்ளினோம். தேக்கு மேஜைகள், யாரும் நகர்த்தாதவை, தரையைக் கீறிக்கொண்டு கத்தின. பென்சிலெல்லாம் உருண்டு விழுந்தது. மேஜைகள் முட்டிக்கொண்டபோது ரிசீவர்கள் தொட்டன. ஒன்றைத் தலைகீழாகப் பிடித்தோம், இதன் வாய் அதன் காதிலும் அதன் வாய் இதன் காதிலும் பொருந்துகிற மாதிரி. கொஞ்சம் சந்து இருந்தாலும் குரல் போகாது என்பது தொலைபேசிக்காரிக்குத் தெரியாதா? நான் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். அவர் என் கைக்கு மேலே தன் கையை வைத்து அழுத்தினார்.

உள்ளே யாரோ பேசுவது கேட்டது. வார்த்தை கேட்கவில்லை, மூடின பாத்திரத்துக்குள் வண்டு சுற்றுகிற மாதிரி ஒரு சத்தம். "யாரு பேசறது?" என்பதாக இருக்கலாம். "முதல்ல நீங்க யாரு?" என்பதாகவும் இருக்கலாம். பெயர்ப்பலகைக்கு இரண்டு மாதமாகச் சண்டை போட்டவர்கள் அவர்கள். என் தம்பி எங்கேயோ ஈரத் தளத்தில் நின்று பச்சைத் துணியின் நான்கு மூலையையும் இழுத்துக் கட்டியிருப்பான், இந்தத் தடவை தேதி சரி என்ற நிம்மதியோடு. எனக்கு அந்தச் சத்தத்தில் ஒரு வார்த்தையாவது கேட்டாக வேண்டும். காதைக் கொண்டுபோனால் ரிசீவர் விலகும். விலகினால் அவர்களுக்குக் கேட்காது.

"ஏதாவது கேக்குதா மேடம்?" என்று எதிர்மேஜை உதட்டை மட்டும் அசைத்தார்.

இல்லை என்று தலையாட்டினேன். ஜன்னலுக்கு வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் நான்கு கைக்கும் நடுவில் அந்தக் கறுப்புக் கட்டை சூடேறி, யாரோ உள்ளே கத்துகிற கத்தலுக்கு மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் மூச்சை விடாமல் இன்னும் இறுக்கிப் பிடித்தோம்.